இரண்டிலிருந்து எட்டு வரை

காலை ஒன்பது: நாலு டிகிரி.
மாலை நாலு: நாலரை.
செல்லம்பட்டி சுகாதார நிலையத்தில்
இந்தப் பெட்டிக்குக் காய்ச்சல் பார்ப்பது என் வேலை.
இரண்டுக்குக் கீழே போகக்கூடாது, எட்டைத் தாண்டக்கூடாது.
பதினோரு நாளாய் உள்ளே எதுவுமில்லை.
இருந்தும் பார்க்கிறேன், எழுதுகிறேன், கையெழுத்திடுகிறேன்.
காலியான குளிருக்கும் கணக்கு உண்டு.

வாசல் போர்டில் சாக்பீசால்: ஸ்டாக் இல்லை.
வரிசையில் யாரோ முதுகு சாய்த்து
முன்பாதியை அழித்துவிட்டார்கள்.
‘இல்லை’ மட்டும் மிச்சம்.
அது போதுமென்று விட்டுவிட்டேன்.

குப்பிக்குப் பத்துப் பேர்.
திறந்துவிட்டால் நாலு மணி நேரம்.
மார்ச் மாதம் பத்தாவது ஆளைத் தேடி
நர்ஸ் ஜெசிந்தா பஸ் ஸ்டாப்புக்கே போவாள்,
பயந்தவர்களைக் கையைப் பிடித்து இழுத்து வருவாள்.
இப்போது முந்நூறு கைகள்
தானாகச் சட்டையைச் சுருட்டிக்கொண்டு நிற்கின்றன.
குப்பிதான் பயந்து எங்கோ ஒளிந்திருக்கிறது.

விசுவநாதபுரம் கிடங்கில்
ஐஸ் பெட்டியோடு மூணு மணி நேரம்.
‘கம்பெனி அனுப்பல’ என்றார்கள்.
கம்பெனியைக் கேட்டால் கச்சாப்பொருள் வரவில்லையாம்.
கச்சாப்பொருளைக் கேட்டால்
கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு கையெழுத்து பாக்கியாம்.
அந்தப் பக்கமோ
ஆளுக்கு ஐந்தாய் முன்பணம் கட்டி அடுக்கிவைத்து
காலாவதித் தேதியை எண்ணிக்கொண்டிருக்கிறது.
செய்முறையைக் கொடுங்கள், நாங்களே காய்ச்சிக்கொள்கிறோம்
என்று கேட்ட நாடுகளுக்கு
ஆறாம் பக்கத்தில் அனுதாபம் கிடைத்தது.
மருந்தைவிடக் குளிரான இடத்தில் இருக்கிறது
மருந்தின் செய்முறை.

திரும்பும் வழியில் கீழவாசல்.
மாடியில் துளசிராமின் பங்குச் சந்தை அறை,
ஏசி பதினெட்டில்.
திரை முழுக்கப் பச்சை.
அதே கம்பெனி,
மத்தியானத்துக்குள் பதினோரு சதவீதம்.
‘இந்த ஸ்டாக் பறக்குதுண்ணே.
சரக்கு வரலேன்னா வெல ஏறும்,
இது சின்னப் புள்ளைக்கும் தெரியும்ல?’
வெளிநாட்டு ஃபண்டு ஒன்று அள்ளுகிறதாம்.
அதற்குக் கையும் கிடையாது, காய்ச்சலும் வராது.

சொல்லியாக வேண்டும்:
அதில் இருபது பங்கு என்னுடையது.
மகளின் காலேஜ் ஃபீஸுக்கென்று
பி.எஃப். லோன் எடுத்து ஜனவரியில் போட்டது.
காலிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு
திரையைப் பார்த்தேன்.
வயிற்றுக்குள் ஏதோ குளிர்ந்தது.
அதைச் சந்தோஷம் என்றுதான் சொல்ல வேண்டும்.

கந்துவட்டிக்காரனை எங்களுக்குத் தெரியும்.
அவனுக்கு முகம் இருக்கிறது, புல்லட் இருக்கிறது.
வெள்ளிக்கிழமை வாசலில் வந்து நிற்பான்.
அவன் தலை மறைந்ததும் மண்ணை வாரித் தூற்றலாம்.
இதற்கு எந்தத் தெருவில் போய்த் தூற்றுவது,
கையில் அள்ளிய மண்ணில்
என் வீட்டு மண்ணும் இருக்கையில்?

ஞாயிற்றுக்கிழமை ஒச்சப்பன் ஆடு அறுத்தான்.
பனையோலையில் கூறு கூறாக.
எலும்பு, ஈரல், கொழுப்பு, குடல்,
எல்லாக் கூறிலும் எல்லாம்.
ஒரு துண்டு கூடினால் கண்ணாலேயே அதட்டும் ஊர்.
போன மாதம் பதினெட்டு.
இந்த வாரம் பதினேழு.
பின்னியக்காளுக்கு இனிப் பங்கு இல்லை.
இரண்டாம் தவணைக்கு மூன்று முறை நடந்து வந்தவள்.
எழுத்துத் தெரியாது.
போர்டில் என்ன போட்டிருக்கு சாமி என்று
மூன்று முறையும் என்னைத்தான் வாசிக்கச் சொன்னாள்.
மூன்று முறையும் வாசித்தேன்.

‘ஒம் பங்குண்ணே’ என்று நீட்டினான் ஒச்சப்பன்.
ஓலை சூடாக இருந்தது.

திங்கள் காலை ஒன்பது: நாலு டிகிரி.
துளசிராம் போனில்:
‘வித்துருவமா, இன்னும் ரெண்டு நாள் பாப்பமா?
ஒங்க பேர்ல மொத்தம் எத்தனண்ணே?’
பதிவேட்டில்
இருப்பு என்ற கட்டத்தில் சுழி போட்டுக்கொண்டே
இருபது என்றேன்.